மூன்றாவது குட்டி

1

போன ஆவணியில் என் மச்சினனுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு ஆண்டிமடம் என்பதால் மண்டபமும் ஆண்டிமடத்திலேயே. அமெரிக்காவிலிருந்து நானும் மனைவியும் மகளும் போயிருந்தோம்.

பந்தியில் எனக்குப் பக்கத்தில் மகள் ஓவியா. எதிர் வரிசையில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்.

“மாப்ளைக்கு அமெரிக்காவுல எந்தக் கம்பெனிங்க?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் நான் அப்பளத்தை நொறுக்குவதில் மும்முரமாக இருந்தேன். ஆனால் ஓவியா முந்திக்கொண்டாள். அவளுக்குப் பதினான்கு வயது. ஆறு வயதில் ஊரை விட்டுப் போனவள். அவளுடைய தமிழும் அந்த ஆறு வயதிலேயே நின்றுவிட்டது.

“எங்க அப்பா கம்பெனி போறதில்ல தாத்தா. கரடிக் குட்டிக்கு அம்மா தேடிக் குடுக்குறாங்க.”

சாம்பார் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றார். பெரியவர் இலையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“என்னாது, கரடிக்கு அம்மாவா?”

“ஆமா தாத்தா. நானும் போயிருக்கேன். இங்க வச்சுத் தூக்கிட்டுப் போனேன்” என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

சுற்றிலும் இருந்தவர்கள் சிரித்தார்கள். கரடிக்கெல்லாம் அங்கே புரோக்கர் இருக்கிறாரா என்று யாரோ கேட்டார்கள். பெரியவர் மட்டும், “நீங்க சொல்லுங்க மாப்ள. பாயசம் வர நேரமாவும்” என்றார்.

பாயசம் வருவதற்குள் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுதையும் அவருக்காகவும், அன்று சிரித்தவர்களுக்காகவும் இங்கே எழுதி வைக்கிறேன்.

2

என் ஊர் விக்கிரமங்கலத்துக்குப் பக்கம். அப்பாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும்தான் எங்களைப் படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் எனக்கு அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. வீட்டுக்கு வந்தால் தலையில் படிந்த சிமெண்ட் தூசியைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். ஆனாலும் அது ஒரு வேலை. யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் இருந்தது.

மனைவி தேன்மொழி பெரம்பலூர்க்காரி, பிசியோதெரபிஸ்ட். அமெரிக்காவின் கிழக்கே அப்பலாச்சியன் மலையில் ஒரு சின்ன டவுன் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்துத்தான் நாங்கள் போனோம். அவள் விசாவில் வேலை பார்க்கலாம். என் விசா டிபெண்டன்ட் விசா, அதாவது நான் அவளைச் சார்ந்து இருப்பவன். சம்பளம் வாங்கக் கூடாது. சமைப்பேன், ஓவியாவை ஸ்கூலில் விடுவேன், வாசலில் விழும் பனியைத் தள்ளுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார் பெரம்பலூரிலிருந்து போனில் வருவார்.

“மாப்ள, ஏதாச்சும் ஆச்சுங்களா?”

“இன்னும் இல்லீங்க மாமா. கிரீன் கார்டு வந்தாத்தான்.”

“வரும், வரும். நீங்க என்ன சும்மாவா இருக்கீங்க, புள்ளையப் பாத்துக்கிறீங்கள்ல.”

அவர் ஆறுதலாகத்தான் சொல்வார். போனை வைத்த பிறகும் அந்த ‘சும்மா’ மட்டும் சமையலறையில் என்னோடு நின்றுகொண்டிருக்கும்.

அந்த வருடங்களில்தான் ஓவியாவும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போனாள். சண்டை எதுவும் கிடையாது. எதைக் கேட்டாலும் ‘ம்’ என்பாள். காரில் ஏறினால் காதில் ஹெட்போன். ஸ்கூலுக்கு ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிடச் சொல்வாள். நான் பேசும் ஆங்கிலம் அவள் தோழிகள் காதில் விழக் கூடாதென்று நினைக்கிறாளோ என்று எனக்குத் தோன்றும். அவளிடம் கேட்டதில்லை.

முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு தேன்மொழியிடம் நடக்கப் பழக வந்த ஒரு பெரியவர்தான் கதவைத் திறந்துவிட்டார். அவர் மனைவி கரடிக் குட்டிகளுக்கு ஒரு காப்பகம் நடத்துகிறார், ஆள் போதவில்லை என்றாராம். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் தேன்மொழி விஷயத்தை எடுத்தாள்.

“என்னங்க, சம்பளம் கெடையாது. சட்டத்துக்கு ஒண்ணும் இடிக்காதாம், வக்கீல்ட்ட கேட்டுட்டேன். போறீங்களா?”

“என்ன வேலை?”

“கரடி.”

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அவளே காரை எடுத்து என்னைக் கொண்டுபோய் விட்டாள்.

பெரியவரின் மனைவி பெயர் ரூத். அறுபதைத் தாண்டியவர். தாயை இழந்த குட்டிகள், காரில் அடிபட்ட குட்டிகள் எல்லாம் அவரிடம் வரும். அவற்றைத் தேற்றி, மறுபடி காட்டுக்கே அனுப்ப வேண்டும். முதல் நாள் மர வேலியின் கதவருகில் நிறுத்தி எனக்கு ஒன்றைச் சொன்னார்.

“இந்தப் பக்கம் நீ எவ்வளவு வேண்டுமானாலும் பேசு. அந்தப் பக்கம் போனால் ஒரு வார்த்தை கூடாது. மனிதக் குரல் பிடித்துப்போன கரடி மனிதர் வீட்டைத் தேடி வரும். வந்தால் யாராவது சுட்டுவிடுவார்கள்.”

அமெரிக்காவில் நான் வாயைத் திறந்தாலே எதிரில் இருப்பவர் காதை முன்னால் நீட்டுவார். டிரைவிங் லைசென்ஸ் ஆபீசில் நடந்ததைச் சொல்கிறேன். விசா எவ்வளவு நாளோ அவ்வளவு நாளைக்குத்தான் லைசென்ஸும் தருவார்கள். ஒவ்வொரு முறையும் தாள்களைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்க வேண்டும். ஜன்னலில் இருந்த பெண், நேரத்தை எப்படிப் போக்குகிறீர்கள் என்று அன்பாகத்தான் கேட்டாள். கரடிக் குட்டிகளுக்குப் பால் கொடுக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குட்டிகளை ‘பேபி’ என்றேன்; கரடிக்கு நம் வாயில் வரும் ‘பியர்’ அவர்கள் காதில் பீராக விழுகிறது. பச்சைக் குழந்தைகளுக்கு எவனோ பீர் ஊற்றுகிறான் என்று நினைத்து அவள் என் முகத்தையும் தாள்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஓவியா பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் இந்தத் தொல்லை இல்லை. ஆப்பிள் நறுக்கி, ஓக் மரத்துக் கொட்டைகளை அள்ளி, குட்டிகள் கண்ணில் படாமல் உள் வேலிக்கு மேலாக வீச வேண்டும். கையைக் காட்டினால் ரூத்துக்குப் புரியும், அவர் தலையை அசைத்தால் எனக்குப் புரியும்.

3

அதற்கு முன் நான் பார்த்திருந்த கரடி ஒன்றே ஒன்று. ஜெயங்கொண்டம் சந்தைக்கு ஒருவர் பிடித்துக்கொண்டு வருவார். மூக்கில் துளை போட்டு அதில் கயிறு. குச்சியைத் தூக்கினால் நிற்கும், தாழ்த்தினால் உட்காரும். பயந்த பிள்ளையை அதன் முதுகில் ஏற்றி இறக்கினால் பயம் தெளிந்துவிடும் என்பார்கள். என்னையும் ஏற்றினார்கள். கரடி முடி வைத்த தாயத்து ஒன்றை அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டார்கள். முதுகில் இருந்தபோது கரடி மூச்சு விடுவது என் தொடையில் தெரிந்தது. பயம் தெளிந்ததோ இல்லையோ, அந்த மூக்குத் துளை எப்போதும் ஈரமாகவே இருந்தது மட்டும் மறக்கவில்லை. இப்போது அந்த வித்தையைத் தடை செய்துவிட்டார்கள். நல்லது.

ரூத்தின் வேலி இடுக்கு வழியாக நான் முதலில் பார்த்த கறுப்புக் கரடிக் குட்டி மரம் ஏறிக்கொண்டிருந்தது. ஏறியது என்று சொல்வதே சரியில்லை. தரையில் இருந்தது. பிறகு உச்சியில் இருந்தது. இடையில் என்ன நடந்தது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. கயிறில்லாத கரடி இப்படித்தான் இருக்கும் என்பதே எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

4

கல்யாணத்துக்கு முந்தைய மாசியில் அந்தக் குட்டி வந்தது. மின்கம்பி போகும் பாதைக்காக மரம் வெட்டியவர்கள் பொந்துள்ள ஒரு மரத்தைச் சாய்த்துவிட்டார்கள். உள்ளே தாய்க்கரடி படுத்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. அது மிரண்டு ஓடிவிட்டது. வேலையை நிறுத்திவிட்டு விலகிப் போய்க் காத்திருந்தார்கள். தாய் திரும்பவில்லை. காட்டிலாகாவில் கரடிகளைக் கவனிக்கும் மார்க், குட்டியைத் தன் கம்பளித் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்தார்.

தொப்பியில் இன்னும் இடம் இருந்தது. வளர்ந்தால் ஒரு மனிதனைத் தட்டிச் சாய்க்கப்போகிற பிராணி, என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. கண் திறந்து ஓரிரு நாள்தான் இருக்கும். நீல நிறக் கண். உடம்பில் முழுதாகச் செய்து முடிக்கப்பட்டிருந்தது நகங்கள் மட்டும்தான். மரச் சிம்பு கிழித்து வலது பின்னங்காலில் ஒரு காயம், அதில் சீழ். இவ்வளவு சின்னக் குட்டியைக் கையில் எடுக்காமல் காப்பாற்ற முடியாது. ஆனால் பேச்சுக் கூடாது என்பது மாறவில்லை.

அந்த வாரம் பனிப்புயலில் ஸ்கூலுக்கு விடுமுறை விட்டார்கள். வீட்டில் கரண்ட் இல்லை, குளிர் தாங்கவில்லை. ஓவியா வேறு வழியில்லாமல் என்னோடு வந்தாள். ரூத்தின் சமையலறை மூலையில் ஹெட்போனோடு உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து அறையில் காயத்தைக் கழுவ வேண்டியிருந்தது. ரூத் காலைப் பிடித்தார், நான் மருந்தை எடுத்தேன். குட்டி துள்ளி வீறிட்டது. மனிதக் குழந்தை அழுவது போலவே இருந்தது. இரண்டு பேர் போதவில்லை. திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் ஓவியா நிற்கிறாள். ஹெட்போன் கழுத்தில் இறங்கியிருந்தது. ரூத் ஒற்றை விரலால் அவளைக் கூப்பிட்டார்.

துண்டில் சுற்றி அவளிடம் கொடுத்தோம். எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அவளாகவே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். குட்டி அவள் முழங்கை மடிப்பில் மூக்கை நுழைத்தது. அழுகை நின்றது. ஓவியா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவள் என்னை அப்படி நேராகப் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

வெளிக் கதவைத் தாண்டியதும் கேட்டாள்: “அப்பா, நாளைக்கும் வரலாமா?”

5

ரூத்தின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மார்க் தன் யோசனையைச் சொன்னார். மலையில் சாய்ந்த மரம் ஒன்றின் வேருக்கு அடியில் ஒரு தாய்க்கரடி படுத்திருக்கிறது. அதன் கழுத்தில் அவர் போட்ட ரேடியோ பட்டை உண்டு. இரண்டு குட்டிகள். இந்தக் குட்டியையும் அதனிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம்.

தாய்க்கரடியைப் பற்றி அன்று அவர் சொன்னதெல்லாம் எனக்குப் புதிது. குளிர் தொடங்கிப் பனி உருகும் வரை அது எதையும் தின்பதில்லை. தண்ணீர் குடிப்பதில்லை. இதயம் மெதுவாகிவிடும். அந்த அரைத் தூக்கத்திலேயே ஈனுகிறது, நக்கிச் சுத்தம் செய்கிறது, பால் கொடுக்கிறது.

“ரெண்டு மூணானது அதுக்குத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“எண்ணத் தெரியுமோ தெரியாதோ” என்றார் ரூத், “எண்ணிப் பார்க்க அவளுக்குத் தோன்றாது.”

ஆனால் காயம் ஆற வேண்டும். புண்ணோடு குகைக்குள் விட்டால் குட்டி பிழைக்காது. ஆறுவதற்குள் பனி உருகிவிட்டால் தாய் குகையை விட்டுக் கிளம்பிவிடும். இந்த வாய்ப்புத் தவறினால் குட்டி தனியாக, மனிதக் கையிலேயே வளரும். அப்படி வளர்வது மனிதரையே ஒட்டிக்கொள்ளும். அந்த மாதிரிக் கரடிகள் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று மார்க் சொன்னார். ஒன்று கூண்டு. இன்னொன்றைச் சொல்லும்போது ஓவியாவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனாரிடம் இதையெல்லாம் சொன்னேன்.

“சாப்புடாம, தண்ணி குடிக்காம பால் குடுக்குதா?”

“ஆமாங்க மாமா.”

“என்ன மாப்ள இது. நாம விரதம்னு சொல்லிட்டு மூணு வேளையும் பலகாரம் திங்குறோம்” என்றார். பிறகு உள்ளே திரும்பி, “ஏ, இங்க வா, மாப்ள சொல்றதக் கேளு” என்று மாமியாரைக் கூப்பிட்டார்.

அடுத்த ஞாயிறு போனை எடுத்ததும், “கால் எப்படி இருக்கு?” என்றார். என் காலுக்கு என்ன என்று நான் குழம்பினேன். “உங்க கால் இல்ல மாப்ள, அந்தக் குட்டியோட கால்.” வேலை ஏதாச்சும் ஆச்சா என்று அன்று அவர் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் காலுக்கு நல்ல பதில் இல்லை. காய்ச்சல் வந்து குட்டி பால் குடிப்பதை நிறுத்தியிருந்தது. கால்நடை மருத்துவர் மருந்தை மாற்றினார். ரூத் ஒரு துளி, ஒரு துளியாக வாயில் விட்டார். ஸ்கூல் விட்டதும் ஓவியா நேரே அங்கே வந்து பால் புட்டியைச் சுடுநீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புட்டியின் ரப்பர் காம்பை வாயருகே கொண்டுபோனால் குட்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவள் மறுபடி சூடாக்குவாள். வீட்டுக்கு வரும் வழியில், அது செத்துவிடுமா என்று கேட்கத் தொடங்கி, கேட்காமலே விட்டுவிடுவாள்.

ஒரு பிற்பகலில் குட்டி ரப்பரைக் கவ்வியது. புட்டி காலியாகும் வரை விடவில்லை. வாயில் ரப்பரோடே தூங்கிவிட்டது. ஓவியா காலிப் புட்டியை என்னிடம் தூக்கிக் காட்டினாள்.

பிறகு புண் வேகமாகக் காய்ந்தது. ஆனால் அதற்குள் பங்குனி வந்துவிட்டது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டத் தொடங்கியது. மார்க் வந்து காலைத் திருப்பிப் பார்த்தார். வெளியே வந்ததும், “நாளைக்கு” என்றார்.

6

மலையேற ரூத்தால் முடியாது. மார்க்கும் நானும் சாமான்களைத் தூக்க வேண்டும். குட்டியைச் சூடாக வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். “ஓவியா கொண்டுபோகட்டும்” என்றார் ரூத்.

மனித வாசம் தெரியாமல் இருக்க, சளிக்குத் தேய்க்கும் தைலத்தைக் குட்டியின் முதுகில் தடவினார்கள். “அம்மா எனக்குத் தேய்ப்பாங்கல்ல, அதே வாசம்” என்று வெளியே வந்து என்னிடம் சொன்ன ஓவியா, திரும்பிப் போய்க் குட்டியை ஜாக்கெட்டுக்குள் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டாள்.

பனி சில இடங்களில் முட்டி வரைக்கும் இருந்தது. மார்க் கையில் ஆன்டெனாவைப் பிடித்து, தாயின் கழுத்துப் பட்டை தரும் ஓசையைக் கேட்டுக்கொண்டே முன்னால் போனார். ஓசை பலத்ததும் நின்று உதட்டில் விரலை வைத்தார்.

வேரோடு பெயர்ந்து விழுந்த ஒரு பெரிய மரம். வேருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு அண்டாவின் வாய் அளவுக்குக் கறுப்பாக ஒரு துளை. துளையைச் சுற்றித் தொங்கிய சல்லி வேர்களில் மட்டும் வெண்மையான உறைபனி, பூ கோத்தது போல. வேறு எங்கும் அப்படி இல்லை. அது உள்ளே இருப்பதன் மூச்சு என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. எனக்குப் பத்தடி தூரத்தில், மண்ணுக்குள், மாதக்கணக்காக எதையும் தின்னாத ஒரு உயிர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஓவியா ஜிப்பை இறக்கினாள். குட்டியின் நகங்கள் அவள் ஸ்வெட்டரில் மாட்டியிருந்தன. ஒவ்வொன்றாக விடுவித்தாள். மார்க் தவழ்ந்து போய்த் துளைக்கு முன்னால் அதை வைத்துவிட்டு வந்தார். மூவரும் கீழே ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினோம்.

குட்டி அழுதது. துளையில் அசைவே இல்லை. இன்னும் பலமாக அழுதது. பிறகு அது திரும்பியது. துளைப் பக்கம் அல்ல, எங்கள் பக்கம். அடிபட்ட காலை இழுத்து இழுத்துப் பனியில் எங்களை நோக்கி நகர ஆரம்பித்தது. அதற்குத் தெரிந்த சூடு இங்கேதான் இருந்தது.

ஓவியாவின் விரல்கள் என் கையை இறுக்கின. ஒரு சின்னச் சத்தம் போட்டால் போதும், அது வந்துவிடும். அவள் கழுத்துத் துணியைப் பல்லால் கடித்துக்கொண்டாள். பிறகு முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். அது தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான். என் மகளைப் பார்ப்பதா, குட்டியைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

அப்போது துளையில் ஒரு தலை தெரிந்தது. பெரிய தலை, நெற்றியில் மண். கழுத்தில் ஆரஞ்சு நிறப் பட்டை. அவசரமே இல்லாமல் பாதி உடம்பு வெளியே வந்தது. நாங்கள் நிற்கும் மரத்தைப் பார்த்தது. நாங்கள் இருப்பது அதற்குத் தெரியும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, கை வரவில்லை. பிறகு அது குனிந்து, குட்டியின் தலையை முழுசாக வாய்க்குள் கவ்வியது. முடிந்தது என்று நினைத்தேன். மார்க்கும் மூச்சை நிறுத்திவிட்டார். கவ்வியபடியே பின்னோக்கி நகர்ந்து துளைக்குள் மறைந்தது.

அழுகை நின்றது. எதுவும் கேட்கவில்லை. மரத்திலிருந்து பனி உதிர்ந்தது.

பிறகு மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு ரீங்காரம் வந்தது. இரண்டு வயல் தள்ளி மோட்டார் ஓடினால் கேட்குமே, அப்படி. முதலில் மெலிதாக, பிறகு சீராக. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மார்க் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. குட்டிகள் தாய்ப்பால் குடிக்கும்போது எழுப்பும் சத்தம் அது என்று மலை இறங்கிய பிறகுதான் சொன்னார். நாங்கள் மூன்று பேரும் கால் மரத்துப்போகும் வரை அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

காருக்கு வந்தபோதும் ஓவியாவின் ஜிப் திறந்தே இருந்தது.

“மூடிக்கம்மா, குளிருது.”

“வேணாம்ப்பா. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்.”

7

இதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் பொய். கிரீன் கார்டு வரவில்லை. லைசென்ஸுக்காக மறுபடி வரிசையில் நின்றேன். ஓவியா சில நாள் பேசிக்கொண்டே வருவாள், சில நாள் ஹெட்போன். காரை இன்னமும் ஸ்கூலுக்கு ஒரு தெரு முன்னால்தான் நிறுத்துகிறேன்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை இருவரும் மலைப் பாதையில் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் கார்கள் வரிசையாக நின்றிருந்தன. விபத்தோ என்று நினைத்தேன். ரோட்டின் நடுவே ஒரு கரடி நடந்துகொண்டிருந்தது. இளைத்திருந்தது. கழுத்தில் ஆரஞ்சுப் பட்டை.

அதன் பின்னால் ஒரு குட்டி. இன்னொன்று. கொஞ்ச தூரம் விட்டு மூன்றாவது.

ஓவியா கண்ணாடியை இறக்கினாள். நான் கால்களைத்தான் பார்த்தேன், ஏதாவது ஒன்று நொண்டுகிறதா என்று. மூன்றும் ஓடின, ஒன்றை ஒன்று தள்ளின, புரண்டு எழுந்தன. மேட்டின் மேலே போய்த் தாய் நின்று திரும்பிப் பார்த்தது. கடைசிக் குட்டி மண்ணில் சறுக்கிச் சறுக்கி ஏறி வரும் வரை நின்றது. வந்ததும் மூன்றையும் முகர்ந்தது.

“அப்பா, எது நம்மளுது?”

“தெரியலம்மா.”

“மொதல்ல போனதா?”

“இருக்கலாம்.”

அவை மரங்களுக்குள் போய்விட்டன. முன்னால் நின்ற கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பின்னால் இருந்தவர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். ஓவியா ஜன்னலில் கையை வைத்தபடி காட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுங்க அம்மாவுக்கும் எதுன்னு தெரியாதுல்லப்பா” என்றாள்.